பூட்டியின் பெயர்

மார்ச் 3

மருதனார்மடம் சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கி உடுவில் மகளிர் கல்லூரிக்கு நடந்தேன். அம்மம்மா விடுதியில் இருந்து படித்த இடம். அவருடைய பூட்டியும் இங்கேதான் படித்தாராம். எங்கள் வீட்டு வேதாகமத்தின் முதல் தாளில் அந்தப் பூட்டிக்கு இருப்பது ஓர் அமெரிக்கப் பெயர். பெற்றவர்கள் அவரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது எவருக்கும் தெரியாது.

மார்ச் 4

1824இல் ஹாரியட் வின்ஸ்லோ இங்கே பெண்பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிப்பிக்கத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் கால்வைத்து அப்போது எட்டு ஆண்டுகள்தான். 'பெட்டைப் பிள்ளைக்கு எழுத்து எதற்கு?' என்று கேட்ட ஊர். மிஷன் வீட்டில் கை நனைத்தால் சாதி போய்விடும் என்று அஞ்சிய ஊரும்கூட. அடைமழையில் வீடு திரும்ப முடியாத இரண்டு சிறுமிகள் அங்கே சோறு உண்டதில்தான் விடுதி தொடங்கியது என்று அம்மம்மா சொல்வார். அந்தப் பசிக்கு நான் கடன்பட்டவள்.

ஹாரியட் 1833இல் உடுவிலிலேயே இறந்தார். பெரிய தமிழ் – ஆங்கில அகராதியை 1862இல் வெளியிட்ட மைரன் வின்ஸ்லோ அவருடைய கணவர்.

மார்ச் 5

இன்று முழுவதும் அமெரிக்க மிஷனரி எலைசா அக்னியூவின் நினைவு. 1840இல் வந்தார், 1879 வரை இந்தப் பள்ளியை நடத்தினார், தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. ஆயிரம் பெண்களின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். பூட்டி அவரிடம்தான் படித்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இருந்து பணம் அனுப்பியவர்களின் பெயர்களை விடுதிப் பிள்ளைகளுக்கு இடுவது அந்நாளைய மிஷன் வழக்கம். இதை நினைத்தால் எனக்கு இன்னும் நோகிறது. எழுத்தைக் கொடுத்தார்கள், அதற்கு நான் என்றும் நன்றி சொல்வேன். ஆனால் எழுதத் தெரிந்த அந்தப் பிள்ளை தன் சொந்தப் பெயரை எங்கும் எழுதிவைக்கவில்லையே!

பக்கத்திலேயே இராமநாதன் கல்லூரி. சைவப் பெண்பிள்ளைகளுக்காகப் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் தொடங்கியது. அந்த வாசலிலும் சற்று நின்றேன்.

மார்ச் 7

பெரியம்மாவுடன் தொலைபேசியில் பேசினேன். நெடுநேரம் யோசித்தார். "வள்ளியம்மை என்று அம்மா ஒருமுறை சொன்ன ஞாபகம், பிள்ளை. சத்தியம் செய்ய மாட்டேன்."

வேதாகமத்தை எடுத்து, அந்த அமெரிக்கப் பெயருக்குக் கீழே பென்சிலால் எழுதினேன்: வள்ளியம்மை? கேள்விக்குறியை அழிக்க மனம் வரவில்லை.