உலைக்களத்தில் பிறக்கும் புது இசை: பாலியில் கமெலான் தேடி

இந்தோனேசியத் தீவான பாலிக்குப் போய்விட்டு, பலர் சேர்ந்து வெண்கல வாத்தியங்களைத் தட்டி வாசிக்கும் கமெலான் இசை காதில் விழாமல் திரும்ப முடியாது. கோயில் திருவிழா, ஓட்டல் முகப்பு, உபுத் அரண்மனை முற்றத்து இரவு நாட்டியம் என்று எங்கே நின்றாலும் அந்த வெண்கல ஒலி வந்து சேர்ந்துவிடும். நான் போனது அதே வாத்தியங்களுக்கு இன்றைய இசையமைப்பாளர்கள் படைக்கும் சோதனை இசையைத் தேடி. பாலி இசையமைப்பாளர் தேவா அலிட்டின் இசைத்தொகுப்புகளை வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்டு ஏறிய பித்து அது.

அலிட் 1973இல், உபுத்தை ஒட்டிய பெங்கொசேகான் கிராமத்தில் பிறந்தவர். 2007இல் ‘கமெலான் சாலுகாட்’ என்ற குழுவைத் தொடங்கினார். மெட்டுக்கு முன்னால் வாத்தியத்தையே புதிதாக யோசித்தவர் என்பதுதான் அவரிடம் எனக்குப் பிடித்த விஷயம். பாலியில் பெரும்பாலான ஊர்க் குழுக்கள் வாசிக்கும் ‘கோங் கெப்யார்’ என்ற கமெலான் வகைக்கு 5 சுரங்கள்தான். சாலுகாட்டுக்காக அவர் வடிவமைத்த வாத்தியங்களில் 11 சுரங்கள். அவற்றை வேறெந்தக் குழுவோடும் சேர்த்து வாசிக்க முடியாது.

இது எப்படிச் சாத்தியம் என்று புரிய வேண்டுமானால் உலைக்களத்தைப் பார்க்க வேண்டும். க்ளுங்குங் வட்டாரத்தில் திஹிங்கான் என்றொரு கிராமம் இருக்கிறது. கமெலானின் வெண்கல வட்டத் தட்டான கோங்கைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறவர்களின் ஊர். நான் போன பட்டறையில் ஜன்னல் இல்லை. காய்ந்த உலோகத்தின் நிறத்தை வைத்துத்தான் பதம் பார்க்கிறார்கள். வெளிச்சம் வந்தால் நிறம் ஏமாற்றிவிடும். செம்பு 10 பங்கு, வெள்ளீயம் 3 பங்கு என்பது வழக்கமான கலவை. இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம் நன்றாகப் பேசும், ஆனால் ஆறிய பிறகு அடித்தால் உடைந்துபோகும். அதனால் உலையிலிருந்து எடுப்பதும், சில அடி அடிப்பதும், மறுபடி உலைக்குள் வைப்பதுமாகவே வேலை நடக்கிறது.

அதன் பிறகுதான் சுருதி சேர்ப்பது. பெரியவர் ஒருவர் ஒரு வெண்கலக் கட்டையை மடியில் கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கத்தில் நடுவில் சுரண்டினார், சுருதி இறங்கியது. முனையை அரத்தால் ராவினார், ஏறியது. சுருதி ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் மூங்கில் கட்டைகள் கொண்ட ஒரு சின்ன வாத்தியம். அந்த ஊர்க் குழுவின் சுருதி எது என்பதை அந்த மூங்கில்தான் நினைவில் வைத்திருக்கிறது. ஊருக்கு ஊர் சுருதி வேறு. ஒரு குழுவின் கட்டையை எடுத்து இன்னொரு குழுவில் பொருத்தினால் ஒட்டாது. பொதுவான ஆதார சுருதி என்று ஒன்று இந்த மரபில் கிடையவே கிடையாது. ஆகவே அலிட் 11 சுரம் கேட்டதை மரபை உடைத்த காரியம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மரபு கொடுத்திருந்த உரிமையை அவர் முழுசாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு விஷயம். பாலி வாத்தியங்கள் ஜோடி ஜோடியாக வரும். ஜோடியில் ஒன்றை மற்றதைவிட ஒரு பொடி ஏற்றி வைப்பார்கள். இரண்டையும் சேர்த்துத் தட்டினால் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 6, 7 முறை அதிரும். இரண்டு தந்தியும் ஒன்றாகக் கரைந்தால்தான் சுருதி சேர்ந்தது என்று தம்பூராவோடு பழகிய நம் காதுக்கு முதலில் இது உறுத்தும். அந்த அதிர்வு இல்லாத கமெலானை பாலிக்காரர்கள் உயிரில்லாதது என்கிறார்கள். சில நாள் கேட்டபின் நானும் அந்தக் கட்சிதான்.

உபுத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தின் பொது மண்டபத்தில் இளைஞர் குழு ஒன்றின் ஒத்திகைக்கு அனுமதி கிடைத்தது. வேலை முடிந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். பெரிய கோங் முன்னால் ஓலைத் தட்டில் பூவும் ஊதுபத்தியும். இசைக்குறிப்புத் தாள் எதுவும் இல்லை. சொல்லிக்கொடுப்பவர் வாத்தியத்துக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து, இடம் வலம் மாற்றித் தலைகீழாக வாசிக்கிறார்; அவர் கைச் சுத்தியலைப் பார்த்தே மற்றவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள்.

வலக்கை ஒரு கட்டையைத் தட்டி அடுத்ததற்குப் போகும்போது, இடக்கை விரல்கள் பின்னாலேயே வந்து முந்தின கட்டையைப் பிடித்து ஒலியை அணைக்கின்றன. புதுப் பாட்டில் இந்த அணைப்பில்தான் விளையாட்டே. தட்டும்போதே பிடித்து ‘டக்’ என்று ஒரு மொட்டை ஒலி, பாதி விட்டு ஒரு மங்கல் ஒலி, சுத்தியலின் காம்பால் ஓரத்தில் ஒரு கீறல். ஒரு வரிசை 7 எண்ணிக்கையில் சுற்ற, எதிர்வரிசை 5இல் சுற்றியது. தொடையில் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். 35 முடிந்து இரண்டும் சந்தித்த இடத்தில் பெரிய கோங்கில் அடி விழுந்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு மெட்டை இரண்டாகப் பிரித்து இரண்டு பேர் பின்னி வாசிப்பது பாலியில் பழைய வித்தை. அதைக் குழு முழுவதற்கும் விரித்திருந்தார்கள்.

அலிட்டின் ‘ஙெஜுக் மெமெடி’ (2022) கேட்டவர்களுக்கு இந்த உணர்வு தெரிந்திருக்கும். தேய்ந்த ஒலித்தட்டு சிக்கிக்கொண்டதைப் போல ஒரு துண்டு திரும்பத் திரும்ப வந்து சட்டென்று அறுந்துபோகும். கணினி இசை என்றே தோன்றும். எல்லாம் மனிதக் கைகள்.

பக்கத்துத் தீவான ஜாவாவிலும் இந்தத் தேடல் பழையது. ஜகார்த்தா கலை மன்றம் 1979இல் இளம் இசையமைப்பாளர் வாரத்தைத் தொடங்கியது. சோலோ நகரத்து ரஹாயு சுபாங்கா (1949–2020), அமெரிக்க நாடக இயக்குநர் ராபர்ட் வில்சனின் ‘இ லா கலிகோ’ நாடகத்துக்கு இசையமைத்து உலக மேடைகளுக்குப் போனார். பாலியில் பிறந்து சோலோவில் வேலை செய்த ஐ வயான் சத்ரா (1953–2011) அவரைவிடத் துணிச்சல்காரர். யோக்யகர்த்தாவில் 1995 முதல் கமெலானுக்கென்றே விழா நடக்கிறது.

வெளிநாட்டுக்காரர்களில் அமெரிக்க இசையமைப்பாளர் லூ ஹாரிசனை மதிக்கிறேன். 1971இல் அவரும் வில்லியம் கோல்விக்கும் கலிபோர்னியாவில் அலுமினியத்தில் தாங்களே ஒரு கமெலான் செய்தார்கள். வெட்டிய ஆக்சிஜன் சிலிண்டர்களும் அதில் சேர்ந்தன. கைக்குக் கிடைத்த உலோகத்திலிருந்து தொடங்கினார்கள் அல்லவா, அது சரியான வழி. சின்தசைசரில் ஒரு மெட்டைப் போட்டு மேலே நாலு கோங் தூவிவிட்டு கமெலான் ஃப்யூஷன் என்று விற்கும் ஓட்டல் இசையை என்னால் ஐந்து நிமிடம் கேட்க முடியவில்லை. ஜோடி வாத்தியங்களின் அந்த அதிர்வை, பியானோவைப் போல எல்லாச் சுரமும் சம இடைவெளியில் நிற்கும் சமச் சுருதிக்குள் அடக்கப் பார்த்தால் மிஞ்சுவது வெறும் சத்தம்.

போகிறவர்களுக்கு: ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடு வரை பாலியின் தலைநகர் தென்பசாரில் பாலி கலை விழா நடக்கும், அந்தச் சமயம் பார்த்துப் போனால் பலவிதக் குழுக்களைக் கேட்கலாம். முதல் இரண்டு நாள் கோயில் திருவிழாக்களில் சாதாரண கெப்யாரைக் கேட்டுக் காதைப் பழக்குங்கள், பிறகு புது இசைக்குப் போங்கள். மண்டபத்துக்குள் செருப்பு வேண்டாம். எந்த வாத்தியத்தையும் தாண்டிக் கால் வைக்காதீர்கள். எவ்வளவு நெருக்கடியாக இருந்தாலும் சுற்றித்தான் போக வேண்டும்.