பேர் இருக்கா, டீச்சர்?

2023 ஆகஸ்ட் கடைசியில் சமையல் சிலிண்டர் விலை 200 ரூபாய் குறைந்தது. இரண்டு நாள் போகவில்லை, செப்டம்பரில் நாடாளுமன்றம் சிறப்பாகக் கூடும் என்று அறிவித்தார்கள். செப்டம்பர் 2-ஆம் தேதி, எல்லாத் தேர்தலையும் ஒன்றாக நடத்தலாமா என்று பார்க்க முன்னாள் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தலைமையில் குழு போட்டார்கள். இந்த மூன்றையும் கூட்டிக் கழித்து சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். "எலெக்‌ஷன் முன்னாடியே வருது டீச்சர். இல்லன்னா சிலிண்டரைக் குறைப்பானுங்களா?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அரசியல் அக்கறையெல்லாம் இல்லை. நான் மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியை, அதோடு அந்தப் பகுதியில் ஒரு பாகத்துக்கு, அதாவது ஒரு சாவடிக்கான வாக்காளர் பட்டியலுக்கு, பி.எல்.ஓ. வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்பது உத்தரவில் இருக்கும் பெயர். தெருவில் 'ஓட்டு லிஸ்ட் டீச்சர்'. தேர்தல் முன்கூட்டி வந்தால் காலாண்டுத் தேர்வு விடைத்தாளோடு சேர்த்து வாக்காளர் பட்டியலையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியவள் நான்தான்.

பையில் மூன்று படிவங்கள் எப்போதும் இருக்கும். சேர்க்க 6, நீக்க 7, திருத்தவும் முகவரி மாற்றவும் 8. பள்ளி விட்டதும் நாலரை மணிக்குக் கிளம்பினால் ஏழரை வரை படி ஏறி இறங்குவேன்.

அந்த மாதம் கதவைத் தட்டினால் எல்லா வீட்டிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஆயிரம் ரூபாய்க்கா வந்திருக்கீங்க?" மகளிர் உரிமைத் தொகை செப்டம்பர் 15-இல் தொடங்க இருந்த நேரம். கையில் காகிதக்கட்டோடு ஒரு பெண் வந்து நின்றால் வேறு என்ன நினைப்பார்கள்? இல்லைம்மா, ஓட்டர் லிஸ்ட் சரிபார்க்க என்றதும் முகம் தொங்கிப்போகும். அப்புறம் ஆரம்பிப்பார்கள். மனு போட்டதுக்கு மெசேஜ் வரவில்லை, எதிர் வீட்டுக்காரிக்கு வந்திருக்கிறது, அவளுக்கு மாடி வீடே இருக்கிறது, கவுன்சிலர் போனை எடுப்பதில்லை, ஓட்டு கேட்க மட்டும் வாசல்வரை வந்தார்கள். கடைசியில், எங்கே சுற்றினாலும் வந்து நிற்கும் இடம்: "யாருக்குப் போட்டாலும் ஒண்ணுதான் டீச்சர்."

இதையெல்லாம் தலையை ஆட்டாமல் கேட்பது ஒரு கலை. ஆட்டினால் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஏதாவது ஒரு கட்சிக்காரர் பார்த்துவிடுவார். "டீச்சரே ஒத்துக்கிட்டாங்க" என்று சாயங்காலத்துக்குள் டீக்கடைக்குப் போய்விடும். அதனால் கழுத்தை இறுக்கிக்கொண்டு பட்டியலைப் பார்ப்பேன். அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்ததில்தான் ஒன்று பிடிபட்டது. 'ஒண்ணுதான்' என்று சலித்துக்கொண்ட அதே வாய், நான் கிளம்பும்போது, "பேர் இருக்கா, பாருங்க. போன தடவை அவரு பேர்ல எழுத்துப் பிழை இருந்துச்சு" என்று கேட்காமல் விட்டதில்லை. கட்சிமேல் நம்பிக்கை போய்விட்டது, பட்டியல்மேல் போகவில்லை. இரண்டும் வேறு வேறு என்று எனக்கு உறைக்கச் சில வருடங்கள் ஆயின.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அந்தக் கேள்வி வருவதில்லை. வாசல் காவலாளியைத் தாண்டுவதே பெரும்பாடு. எந்த பிளாட், யாரைப் பார்க்கணும், போன் பண்ணினீங்களா? உள்ளே போனால் சோபாவில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, எல்லாக் கட்சிகளும் எப்படிக் கெட்டுப்போயின என்று அரைமணி நேரம் தெளிவாகப் பேசுவார்கள். பேச்சு தெருக்காரர்களுடையதைவிடக் கோர்வையாக இருக்கும். "உங்க வீட்டில் நாலு ஓட்டு இருக்கு சார், எல்லாரும் இங்கேதானே?" என்றால், "பையன் பெங்களூர்ல. இருக்கட்டும், வெட்டாதீங்க" என்பார்கள். 2024 ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை. அடுத்து சனி, ஞாயிறு. அந்தக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம் அன்று காலை பாதி காலியாகக் கிடந்தது.

மாநிலம் முழுக்க அந்தத் தேர்தலில் கிட்டத்தட்ட 70 சதவீதம். மத்திய சென்னையில் 54-ஐ ஒட்டி. அதற்கு இரண்டு வருடம் முன்னால் நடந்த மாநகராட்சித் தேர்தலில் சென்னை 44-ஐக்கூடத் தொடவில்லை. ஒவ்வொரு முறையும் தொலைக்காட்சியில் 'சென்னைக்காரர்களின் அலட்சியம்' என்று விவாதம் வைப்பார்கள். எனக்கு அதில் பாதிக் கோபம், பாதி சிரிப்பு. நூறு பேரில் ஐம்பத்து நாலு பேர் வந்தார்கள் என்று சொல்ல, முதலில் அந்த நூறு பேர் உயிரோடு, ஊரில் இருக்க வேண்டுமே. என் பாகத்தில் இறந்துபோன தாத்தாக்கள் இருந்தார்கள். கல்யாணமாகி ஆவடிக்குப் போன பெண்கள் இருந்தார்கள். படிவம் 7 நீட்டினால், "அப்பா பேரை நானே எழுதி வெட்டச் சொல்றீங்களா?" என்று ஒரு மகன் அழுதுவிட்டார். நானும் கட்டாயப்படுத்தவில்லை. வேலைக்கு அது தப்புதான்.

கட்சிக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்வீஸில் இருப்பதால் கட்சிப் பெயர் எழுத மாட்டேன். என் பாகத்துக்கு ஒரு முகவர் இருந்தார், அறுபது வயது தாண்டியவர். என்னோடு தெருத்தெருவாக வருவார். எந்த வீட்டில் யார் செத்தது, யார் காலி செய்தது என்று பட்டியலைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஒருநாள் மே தினப் பூங்கா வாசலில் கரும்புச்சாறு குடித்துக்கொண்டே சொன்னார். இளவட்டமாக இருந்தபோது சுண்ணாம்பும் நீலமும் சொந்தக் காசில் வாங்கி, ராத்திரி முழுக்கச் சுவரில் சின்னம் வரைவார்களாம். வீட்டில் அடி விழுமாம். "இப்போ போஸ்டர் ஒட்ட காண்ட்ராக்ட், கூட்டத்துக்கு ஆள் காண்ட்ராக்ட். எங்க வட்டத்துல போன தடவை எதிர்க்கட்சியில இருந்தவன்தான் இப்போ எனக்கு மேல பொறுப்பு. அவன் என்னையப் பார்த்து, பெருசு, கட்சிக்கு விசுவாசமா இருங்கங்கறான்."

அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நான் சாற்றைப் பார்த்தேன். கட்சி மாறுபவர்களைப் பற்றி வாக்காளர்கள் திட்டுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். கட்சியை விடாமல் இருப்பவர் உள்ளுக்குள் எப்படி இருப்பார் என்று அன்றுவரை யோசித்ததில்லை. மகனை வாக்களிக்கக் கூட்டிவர அவரால் முடியவில்லை. 2024-இலும் முகவராக வந்து உட்கார்ந்தார். மதியம் எதிர்க்கட்சி முகவருக்குத் தன் பிரியாணிப் பொட்டலத்தில் பாதியைப் பிரித்துக் கொடுத்தார்.

பி.எல்.ஓ. ஆவதற்கு முன் 2014-இலும் 2016-இலும் சாவடிக்குள்ளேயே வேலை பார்த்திருக்கிறேன். நாடாளுமன்றப் பொதுத் தேர்தலில் நோட்டா வந்தது 2014-இல்தான். அதற்கு முந்தைய செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதற்கு முன்பு யாருக்கும் போட விருப்பமில்லை என்றால் 49-ஓ விதிப்படி அலுவலரிடம் வாய்விட்டுச் சொல்லி, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்தில் நாலு கட்சி முகவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, யார் சொல்வார்கள்? 2014-இல் ஒரு பெரியவர் மறைப்புக்குள் போன வேகத்தில் தலையை வெளியே நீட்டி, "அந்த யாரும் வேணாம் பட்டன் எதும்மா?" என்று சத்தமாகக் கேட்டார். ரகசியமாக மறுக்கத்தான் அந்தப் பட்டனே. கடைசியில் இருக்கும் ஐயா என்று எங்கள் தலைமை அலுவலர் பொதுவாகச் சொன்னார். சாவடியே சிரித்தது.

2017 டிசம்பர் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நோட்டாவுக்கு 2,373 வாக்குகள். ஒரு தேசியக் கட்சி வாங்கியதைவிட அதிகம். ஆசிரியர் ஓய்வறையில் ஒரு வாரம் இதுவே பேச்சு. ஆனால் அதே தொகுதியில்தான் அந்த ஏப்ரலில் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலையே ரத்து செய்திருந்தார்கள். நோட்டா முதலிடம் வந்தாலும் அதற்கு அடுத்தவர்தான் ஜெயித்தவர். கதவு இல்லாத அறையில் வைத்த புகார்ப் பெட்டி போலத்தான் எனக்கு அது படுகிறது. சக ஆசிரியர்கள் சிலர் இதில் என்னோடு சண்டைக்கே வருவார்கள்.

சரி, என் ஓட்டு. 2016-இல் தேர்தல் பணியில் இருந்ததால் தபால் வாக்கு. உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் வாங்க மறந்து, உறையை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்தபிறகுதான் ஞாபகம் வந்தது. அந்த உறையை எண்ணும் இடத்தில் ஒதுக்கி வைத்திருப்பார்கள். ஊருக்கெல்லாம் ஓட்டுப் போடச் சொல்பவளின் ஓட்டு செல்லாது. அப்போது வருத்தம் வரவில்லை. 'போனால் போகிறது, யார் வந்தாலும் சம்பள கமிஷன் ஒன்றுதான்' என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன். வருத்தம் வராததுதான் இப்போது உறுத்துகிறது.

உறுத்தக் காரணம் மீன் மார்க்கெட்டில் இருக்கிறார். மீன் ஆய்ந்து கொடுக்கும் அக்கா. கூவம் கரையில் அவர்கள் குடிசை இருந்த வரிசையை இடித்து, எல்லோரையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இருபது கிலோமீட்டருக்கு மேல். வேலை மட்டும் இங்கேயே. விடியற்காலையில் பஸ் பிடித்து வந்துவிடுவார். என் பட்டியலில் அவர் பெயர் பழைய கதவு எண்ணோடு அப்படியே இருந்தது. அந்தக் கதவு எண்ணுக்குக் கதவும் இல்லை, சுவரும் இல்லை.

2023-இல் படிவம் 8 கொடுத்து, இதை நிரப்பினால் சோழிங்கநல்லூர் தொகுதிக்கு மாறிவிடும் என்று விளக்கினேன். கத்தியை நிறுத்தாமல் கேட்டார். "ரேஷன் கார்டை மாத்திட்டாங்க. ஆதாரை மாத்தியாச்சு. இதையும் மாத்திட்டா, நான் இங்க இருந்தேன்னு சொல்றதுக்கு என்ன டீச்சர் இருக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை. எந்தக் கட்சிமேலும் அவருக்கு மயக்கம் கிடையாது. "ஒருத்தனும் யோக்கியன் இல்ல. வீட்டை இடிக்கிறப்போ எந்தக் கரைவேட்டி குறுக்க வந்து நின்னான்?" அந்த டிசம்பர் மிக்ஜாம் மழையில் தண்ணீர் சூழ்ந்து இரண்டு நாள் வேலைக்கு வர முடியாதபோதும் இதையே சொன்னார்.

2024-இல் பூத் ஸ்லிப் கொடுக்கும்போது வீட்டில் ஆள் இல்லாதவர்களைத் தனியாக எழுத வேண்டும். வராதவர், இடம் மாறியவர், இறந்தவர் என்று ஏ.எஸ்.டி. பட்டியல். அக்காவின் பெயரை 'இடம் மாறியவர்' என்று என் கையாலேயே எழுதினேன். விதி அதுதான்.

வாக்குப்பதிவு அன்று காலை ஒன்பது மணிக்கு இலவச பஸ்ஸில் வந்து இறங்கினார். வாசலில் நான் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தேன். "பேர் இருக்கா, டீச்சர்?" இருந்தது, குறியோடு இருந்தது. அந்தப் பட்டியலில் இருந்தால் ஓட்டு போடக் கூடாது என்றில்லை. அடையாள அட்டையைத் தலைமை அலுவலர் நன்றாகச் சரிபார்த்து, உறுதிமொழி எழுதி வாங்கி, கைநாட்டும் வைக்கச் சொல்வார். அக்கா பிளாஸ்டிக் உறையிலிருந்து வாக்காளர் அட்டையை உருவியபோது அதற்குப் பின்னாலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றும் விழுந்தது. நான் கொடுத்த படிவம் 8. ஒரு எழுத்துகூட எழுதவில்லை. எடுத்து மறுபடி உறைக்குள் செருகினார். உள்ளே கால் மணி நேரம் ஆயிற்று. மை வைத்த விரலை உதறிக்கொண்டே வெளியே வந்து, நேராக மார்க்கெட்டுக்குப் போனார்.

2025 நவம்பரில், வாக்காளர் பட்டியலை வீடு வீடாகப் போய்ப் புதிதாக எடுக்கும் சிறப்புத் தீவிரத் திருத்தம் (எஸ்.ஐ.ஆர்.) வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று முறை போகச் சொன்னார்கள். இல்லாத வீட்டுக்கு மூன்று முறை போனாலும் இல்லாத வீடுதான். டிசம்பர் 19-இல் வரைவுப் பட்டியல் வந்தபோது சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல் பெயர்கள் இல்லை. என் பாகத்தில் அந்தத் தாத்தாக்கள் இல்லை, பெங்களூர்ப் பையன் இல்லை. அடுத்த தேர்தலும் நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் மீன் வாங்கப் போனேன். பார்த்ததுமே அக்கா கேட்டுவிட்டார். இந்த முறை கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இல்லக்கா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எட்டு கொடுத்தீங்களே, அது?" என்றார். இனி அது ஆகாது, 6 போட வேண்டும், பெரும்பாக்கம் முகவரிக்கு என்றேன். கையைத் தண்ணீரில் அலசி, பாவாடையில் துடைத்துப் பார்த்தார். "நீங்களே எழுதுங்க. என் கை கவுச்சி."

ஐஸ் பெட்டிமேல் பேப்பரை வைத்து எழுதினேன். பெயர், கணவர் பெயர், பிளாக் எண், வீட்டு எண். அங்கே இருக்கும் பி.எல்.ஓ.விடம் கொடுங்கள் என்றேன்.

"பழைய கார்டை வாங்கிக்குவாங்களா?"

"கேட்டா, தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க" என்றேன். சுற்றி யாராவது இருக்கிறார்களா என்று அப்புறம்தான் பார்த்தேன்.