32 எழுத்தும் சரியா?

பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் புத்தகத்தின் முதல் தொகுதி அப்போது ஸ்டார் ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருள், இரண்டாவது சி++ நிரல் மொழி. 2008-09இல் படித்த எங்கள் செட்டுக்கு முதல் தொகுதிதான் தொல்லை. புத்தகத்தில் இருந்த ஸ்டார் ஆபீஸ் நம் பள்ளி லேபில் எல்லா மெஷினிலும் இல்லை. அதற்குக் கம்ப்யூட்டர் சார் கண்ட வழி உபுண்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளம். ஓப்பன் ஆபீஸும் ஸ்டார் ஆபீஸும் ஒரே மூலநிரலில் பிறந்தவை. 2008 ஏப்ரலில் வெளியான உபுண்டு 8.04ஐப் போட்டால் ஓப்பன் ஆபீஸ் கூடவே வந்துவிடும். காசும் வேண்டாம், திருட்டு நகலும் வேண்டாம்.

கேட்டால் உபுண்டு தரப்பிலேயே தபாலில் இலவசமாக சிடி அனுப்பினார்கள். ஆனால் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். சாருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ரவுண்டானா பக்கத்து பிரவுசிங் சென்டரில் இரவோடு இரவாக இறக்க ஏற்பாடு செய்தார். 256 கேபிபிஎஸ் இணைப்பில் 700 எம்பி இறங்க ஆறு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அது மின்வெட்டுக் காலம் வேறு. கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோட் மேனேஜர்தான் காப்பாற்றியது.

இறங்கியது ஐஎஸ்ஓ கோப்பு, அதாவது முழு சிடியையும் ஒரே கோப்பாக அடக்கிய நகல். அதை உடனே தட்டில் ரைட் பண்ண விடமாட்டார். முதலில் எம்டி5, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் 32 எழுத்துச் சரிபார்ப்பு எண். உபுண்டு தளத்தில் போட்டிருந்த எண்ணைத் தாளில் குறித்துவந்து ஒருவர் வாசிக்க வேண்டும், இன்னொருவர் திரையைப் பார்த்து ‘ம்’ கொட்ட வேண்டும். கோப்பில் ஒரு பிட் புரண்டிருந்தாலும் எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும் என்று போர்டில் எழுதி விளக்கினார். “32 எழுத்தும் சரியாம்மா? கடைசி எழுத்து வரைக்கும் வாசிச்சியா?” என்று கேட்காமல் வெற்றுத் தட்டை உறையிலிருந்து எடுக்கவே மாட்டார்.

சிடி ரைட்டரின் வேகம் 52 எக்ஸ் வரை போகும். சார் 8 எக்ஸுக்கு மேல் வைக்க விட்டதில்லை. அந்த வேகத்தில் முழுத் தட்டு எழுதப் பத்து நிமிஷம். வேகமாக எழுதியதைப் படிக்க லேபின் பழைய டிரைவ்கள் திணறுவதை அவர் பார்த்திருந்தார். சிடி-ஆரில் ஒரு தடவைதான் எழுத முடியும், பாதியில் கரண்ட் போனால் தட்டு வீண். அதனால் மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்த கையோடு ஆரம்பிப்போம்.

அவர் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு இன்றும் பெரிதாகத் தோன்றுவது, வேண்டுமென்றே தப்பாக எழுதி எங்களிடம் காட்டிய தட்டு. அதைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு ஐஎஸ்ஓ கோப்பு. நீரோ என்ற சிடி எழுதும் மென்பொருளில் ‘பர்ன் இமேஜ்’ கொடுத்து எழுதியதைத் திறந்தால் காஸ்பர், பூல், ஐசோலினக்ஸ் என்று வரிசையாக ஃபோல்டர்கள். கோப்பைத் தட்டில் வைப்பது வேறு, கோப்பையே தட்டாக விரிப்பது வேறு. மெஷின் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் பயாஸ் அமைப்புக்குப் போய் சிடி டிரைவை முதலில் வைத்தால், இரண்டாவது தட்டில்தான் மெஷின் எழும்பும். இன்ஸ்டாலுக்கு முன்பும் பூட் மெனுவில் தட்டைச் சோதிக்கும் வசதியை ஓட்டச் சொல்வார்.

ஸ்டார் ஆபீஸ் பாடத்துக்கு ஓப்பன் ஆபீஸ் பொருந்தியது. சி++ அவ்வளவு சுலபமாக ஒத்துவரவில்லை. பாடத்து நிரலில் இருந்த கோனியோ.ஹெச் என்ற தலைப்புக் கோப்பு லினக்ஸில் கிடையாது, அதை நம்பியிருந்த கிளியர் ஸ்கிரீன் வரியை எடுத்துவிட்டுத்தான் ஓட்டினோம். ஒரு வரி எதற்காக இருக்கிறது என்று நான் யோசிக்கப் பழகியது அப்போதுதான்.

2012இல் வந்த உபுண்டு 12.10 சிடியில் அடங்காத அளவுக்கு வளர்ந்துவிட்டது. இப்போது எல்லாம் பென் டிரைவ். ஆனால் கிளம்பும்போது சார் ஆளுக்கொரு தட்டு எழுதிக் கொடுத்தாரே, அது யாரிடமாவது இருக்கிறதா? சிடி-ஆரில் தகவல் நிற்பது ஒரு சாயப் படலத்தில்; வெயிலும் சூடும் அதைக் கெடுத்துவிடும். வளைகுடாவில் இருப்பவர்கள் முதலில் தேடிப் பாருங்கள். பழைய வெளியீடுகளை உபுண்டு இன்னும் எம்டி5 எண்ணோடு இணையத்தில் வைத்திருக்கிறது. தட்டைச் சோதித்துப் பார்த்து முடிவை நம் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு எழுதுங்கள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது சாரிடம் சொல்கிறேன்.