முட்டுக்கொடுத்த கல்

12.10.2024, சனி
பாகான் டாலாம், பட்டர்வொர்த்

தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை. அப்பா வீட்டுப் பின்கட்டைக் கழுவிவிட்டேன். அம்மாவின் அம்மியைத் தவிர எல்லாம் நகர்ந்தது. தம்பி வந்ததும் இருவருமாகத் தூக்கிக்கொள்ளலாம் என்றேன். "அதையெல்லாம் தூக்கக்கூடாதும்மா, நகர்த்தணும். நீ போயிட்டு வா, காட்டறேன்" என்றார். முப்பது வருடம் துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர். இப்போது வயது 81.

நாளை கோலாலம்பூர் போய், அங்கிருந்து இரவு விமானம். சியோலில் படிக்கும் மகள் என்னென்னவோ இடங்கள் சொன்னாள். நான் கேட்டது தென்கொரியாவின் காங்வா தீவில் இருக்கும் அந்தப் பழங்காலக் கல்லறை ஒன்றைத்தான்.

15.10.2024, செவ்வாய்
காங்வா

பஸ் பாலத்தைத் தாண்டியதுமே இரு பக்கமும் நெல், அறுவடைக்குக் காத்துக்கொண்டு. சின்ன வயதில் பினாங்குத் தீவின் பாலிக் பூலாவ் வயல்களைப் பார்த்த ஞாபகம் வந்தது.

புகுன்-ரி என்ற இடத்தில், புல்வெளி நடுவே தனியாக நிற்கிறது அந்தக் கல்லறை. பலகை போல் இரண்டு கற்கள், அவற்றின் மேல் ஒரு மூடுகல். மூடுகல் மட்டும் 6 மீட்டருக்கு மேல் நீளம், எடை சுமார் 50 டன். தாங்கும் கற்கள் இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன, ஆனாலும் விழவில்லை. சாந்து கிடையாது, பூச்சு கிடையாது. ஏறக்குறைய 3,000 வருடமாகக் கல் மேல் கல் உட்கார்ந்திருக்கிறது. முன்னும் பின்னும் அடைத்திருந்த கற்கள் இப்போது இல்லை. அதனால் குனிந்தால் ஊடாக மறுபக்கத்துப் புல் தெரிகிறது. மூடுகல்லின் விளிம்பில் சாம்பலும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாகப் பாசி படர்ந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லச்சந்திரத்தில் இருப்பவற்றைக் கற்திட்டை என்கிறோம். அதே குடும்பம்தான். கொரியர்கள் 'கோஇன்தோல்' என்கிறார்கள். முட்டுக்கொடுத்த கல் என்று அர்த்தமாம். மகள் சொன்னதும் அப்பாதான் நினைவுக்கு வந்தார். முட்டு என்ற சொல்லை அவர் வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறேன்.

படத்தை அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் குரல் பதிவு வந்தது.

"கீழேயிருந்து தூக்கியிருக்க மாட்டாங்கம்மா. மொதல்ல ரெண்டு கல்லையும் நட்டுருப்பாங்க. அதுங்க உசரத்துக்கு மண்ணைக் கொட்டிச் சரிவாக்கி, கட்டை போட்டு உருட்டிக்கிட்டே மேலே இழுத்து உட்கார வச்சிருப்பாங்க. அப்புறம் மண்ணை வெட்டி எடுத்துட்டா, கல்லு நிக்கும்."

பக்கத்திலேயே அருங்காட்சியகம். உள்ளே இந்தக் கல்லறை கட்டும் விதத்தைக் காட்டியிருக்கிறார்கள். அப்பா சொன்ன அதே மண் சரிவு, அதே உருளைக்கட்டைகள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். 2000-இல் யுனெஸ்கோ இந்தத் தீவின் கல்லறைகளையும் கோச்சாங், ஹ்வாசுன் என்ற இரண்டு ஊர்களில் இருப்பவற்றையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. கல்லறைக்குள் கிடந்தவர் பெரிய தலைவராகத்தான் இருப்பார், அத்தனை பேரைக் கூட்ட வேறு யாரால் முடியும்? எனக்கென்னவோ வடம் பிடித்தவர்கள்தான் மனசை விட்டுப் போகவில்லை. அவர்களில் யாரோ ஒருவருக்கு அப்பாவின் கணக்கு தெரிந்திருக்கிறது.

16.10.2024, புதன்

தீவிலேயே இரவு தங்கினோம். காலையில் ஊதா முள்ளங்கிக் கிம்ச்சி. காரம் நமக்குப் போதாது, ஆனால் நல்ல கடி.

பிறகு ஜொன்டுங்சா என்ற பௌத்தக் கோயில். 381-இல் கட்டியது என்பது மரபு. இப்போதைய பெரிய மண்டபம் 1621-இல் திரும்ப எழுப்பியது. கூரையின் நான்கு மூலைக்கும் கீழே குந்தியபடி சின்னச் சின்ன மர உருவங்கள் பாரத்தைத் தாங்குகின்றன. தச்சரின் கூலிப் பணத்தை ஒரு பெண் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாளாம். அதற்குத்தான் அவளை இப்படிக் கூரை சுமக்க வைத்தார் என்பது கதை. கதை எனக்குப் பிடிக்கவில்லை, ஏமாந்தவர் தரப்பு மட்டும்தான் அதில் இருக்கிறது. ஆனால் ஓர் உருவம் ஒரே கையால் தாங்குவதைக் கழுத்து வலிக்க வெகுநேரம் பார்த்தேன்.

மாலையில் வடக்கு முனை. முகத்துவாரத்துக்கு அப்பால் வடகொரியா. அங்கேயும் வயல்தான். யாரும் அதிகம் பேசவில்லை.

20.10.2024, ஞாயிறு
பாகான் டாலாம்

படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார் அப்பா. அந்தச் சாய்வில் வெகுநேரம் நின்றார். "அடியில நல்லா ஆழமா நட்டிருக்கான்" என்றார். பிறகு எழுந்து பின்கட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்தார்.

நுனியை அம்மிக்கடியில் செருகி, உடைந்த செங்கலை முட்டு வைத்து, மறுமுனையை மெதுவாக அழுத்தினார். அம்மி இரண்டு விரற்கடை எழும்பியது. "இப்ப குழாயை விடு." பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டு இரண்டை விட்டேன். "தள்ளு. அவசரப்படாதே." ஒரு கையால்தான் தள்ளினேன். கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு சுவரோரம் வரை உருண்டு போனது. பின்னால் விடுபட்ட குழாயை எடுத்து முன்னால் போடும் வேலை மட்டும் அப்பாவுடையது. என்னை விடவில்லை.

அம்மி இருந்த இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம், இரண்டு மரவட்டைகள். அதையும் கழுவிவிட்டேன்.