டோலிவோ தெருவிலிருந்து

ஜூலை 28, 2024, ஞாயிறு

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டுக்குப் படிக்க வந்து ஒன்றேகால் வருடம் ஆகிறது. பல்கலைக்கழகத்தின் ஒரு கட்டடத்துக்குப் போக டோலிவோ ஸ்ட்ராஸே என்ற தெருவில்தான் நடக்க வேண்டும். யாரோ பழைய மேயரின் பெயராக இருக்கும் என்று நினைத்தபடி அந்தப் பலகையைத் தினமும் கடந்திருக்கிறேன். போன வாரம் மின் இயந்திரங்கள் பாடத்துக்குப் படிக்கும்போது ஓர் அடிக்குறிப்பில் அந்தப் பெயர் முழுதாக வந்தது: மிகைல் டோலிவோ-டோப்ரவோல்ஸ்கி. மூன்று கம்பிகளில் வந்து மோட்டார்களை ஓட்டும் த்ரீ ஃபேஸ் மின்சாரத்தை வேலைக்கு ஆகிற பொருளாகச் செய்து காட்டியவர்.

படித்த இடத்திலேயே புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நான் வளர்ந்ததே த்ரீ ஃபேஸ் கரண்ட்டில்தான். காங்கேயத்தில் அப்பாவுக்கு மோட்டார் ரீவைண்டிங் பட்டறை. என் பள்ளிக்கூடப் பையில் எப்போதும் வார்னிஷ் வாசனை இருக்கும். எங்கள் பக்கம் தோட்டங்காட்டில் மழை எப்ப வரும் என்பதற்கு அடுத்த கேள்வி, த்ரீ ஃபேஸ் எப்ப வரும் என்பதுதான். அந்த மூன்று கம்பிகளுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. தெரிந்துகொள்வதை இனி இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் 3, சனி

நாள் முழுக்க நூலகம்.

1862இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே காட்சினாவில் பிறந்தவர். ரீகாவில் பாலிடெக்னிக் மாணவராக இருந்தபோது, 1881இல், ரஷ்யப் பேரரசர் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டார். அதன்பின் மாணவர்கள்மேல் பாய்ந்த கெடுபிடியில் இவரையும் வெளியேற்றிவிட்டார்கள். சொந்த நாட்டில் படிப்பு முடிந்தது. 1883இல் வந்து சேர்ந்த இடம் இதே டார்ம்ஸ்டாட். முந்தின வருடம்தான் மின்பொறியியலுக்கென்று உலகின் முதல் பேராசிரியர் பதவியை இங்கே உருவாக்கி, எராஸ்மஸ் கிட்லரை அமர்த்தியிருந்தார்கள். அவரிடம் படித்து, அவருக்கே உதவியாளராக இருந்து, 1887இல் பெர்லினில் ஏ.இ.ஜி. என்ற மின் நிறுவனத்துக்குப் போனார். 21 வயதில் மொழி தெரியாத ஊருக்குப் பெட்டியோடு வந்து இறங்குவது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி மோட்டார் கதை. இந்த மோட்டாரைச் சுற்ற வைக்கும் சுழலும் காந்தப்புலம் என்றால் எல்லோருக்கும் டெஸ்லாதான் நினைவுக்கு வருவார். அவரைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. 1888 மே 1 அன்று அவருக்குக் கிடைத்த காப்புரிமைகள் இல்லாமல் அமெரிக்காவில் மாறுமின்னோட்டம் (ஏ.சி.) அந்த வேகத்தில் வளர்ந்திருக்காது. ஆனால் இத்தாலியின் டுரின் நகரத்தில் கலிலியோ ஃபெராரிஸ் 1885இலேயே அதே புலத்தைச் சுழல வைத்துப் பார்த்துவிட்டார். 1888 மார்ச்சில் கட்டுரையும் வாசித்தார். அதில் ஒரு கணக்குப் போட்டார்: இந்த மோட்டார் தன் முழு பலத்தைக் கொடுக்கும்போது உள்ளே வரும் சக்தியில் பாதி சூடாகவே போய்விடும், ஆகவே தொழிலுக்கு உதவாது.

டோப்ரவோல்ஸ்கி அந்தக் கட்டுரையைப் படித்தார். கணக்கில் தப்பில்லை, எடுத்துக்கொண்ட மோட்டார்தான் தப்பு என்று அவருக்குப் பட்டது.

இதை அப்பாவுக்குப் புரிகிற மாதிரி எழுத முயல்கிறேன். 4 போல், அதாவது நான்கு காந்த முனை உள்ள மோட்டாரின் பெயர்த்தகட்டில் நிமிடத்துக்கு 1440 சுற்று என்று அடித்திருக்கும். 50 ஹெர்ட்ஸில் ஸ்டேட்டருக்குள், அதாவது கம்பி சுற்றிய அசையாத வெளிப்பாகத்துக்குள், காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. உள்ளே சுழலும் ரோட்டார் அதைத் துரத்திக்கொண்டே கொஞ்சம் பின்தங்கி ஓடுகிறது. அந்த 60 சுற்றுதான் ஸ்லிப், 1500இல் 4 சதவீதம். ரோட்டாருக்குள் போகும் சக்தியில் எத்தனை சதவீதம் ஸ்லிப்போ, அத்தனை சதவீதம் ரோட்டாரில் சூடாகப் போகும். ஃபெராரிஸின் மோட்டார் பாதி வேகத்தில் ஓடினால்தான் முழு பலம் கொடுக்கும், எனவே பாதி நஷ்டம். ரோட்டாரின் மின்தடையைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிட்டால்? ஸ்லிப் சுருங்கும், சூடும் சுருங்கும். இரும்பு ரோட்டாரில் துளையிட்டுத் தடித்த செப்புக் கம்பிகளைச் செருகி, இரு முனையிலும் வளையம் போட்டு இணைத்துவிட்டார். சுழலும் பாகத்துக்கு உரசி மின்சாரம் கொடுக்கும் பிரஷ் கிடையாது, கம்யூட்டேட்டர் கிடையாது, வெளியிலிருந்து ஒரு கம்பிகூட உள்ளே போகாது. காப்புரிமை 1889 மார்ச்சில்.

பாடப்புத்தகத்தில் அணில் கூண்டு ரோட்டார் என்று படித்தோமே, அது இதுதான். அப்பாவின் பட்டறைக்கு வரும் மோட்டார்களில் ஸ்டேட்டர் கருகி வரும், பேரிங் தேய்ந்து வரும். ரோட்டாரைத் துடைத்து அப்படியே திரும்பப் போடுவார். 135 வருடம் முன்பு ஒருவர் யோசித்ததன் பலன் அது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அப்பாவிடம் பேசினேன். மூன்று கம்பி ஏன், இரண்டோ நான்கோ ஏன் இல்லை என்று கேட்டார். கேட்டவிதம் எனக்குப் பிடித்திருந்தது, சோதிக்கிற மாதிரி இல்லாமல், நாற்பது வருடமாக மனசில் கிடந்ததை எடுத்து வைப்பதுபோல் கேட்டார்.

டெஸ்லா முதலில் எடுத்தது இரண்டு ஃபேஸ். அதற்குப் பெரும்பாலும் நான்கு கம்பி வேண்டும். டோப்ரவோல்ஸ்கி மூன்று அலைகளை மூன்றில் ஒரு பங்கு சுற்று இடைவெளியில் நிறுத்தினார். எந்த நொடியில் எடுத்துக் கூட்டினாலும் மூன்று மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை பூஜ்யம். ஒன்றில் போவது மற்ற இரண்டில் திரும்பிவிடுகிறது. திரும்பி வருவதற்கென்று தனிக் கம்பி தேவையில்லை. செம்பு மிச்சம், புலமும் மேடுபள்ளம் இல்லாமல் சீராகச் சுற்றும்.

"அப்ப ஒண்ணு போச்சுன்னா மத்த ரெண்டும் தலைமேல இழுத்துப் போட்டுக்குது. அதானே அம்மிணி?"

"ஆமாங்கப்பா, அதேதான்."

சிங்கிள் ஃபேசிங்கைச் சொல்கிறார். கம்பத்தில் ஒரு ஃபியூஸ் போனால் மோட்டார் நிற்காது, உறுமிக்கொண்டே ஓடும், கொஞ்ச நேரத்தில் கருகும். காயில்களை இணைக்க ஸ்டார், டெல்டா என்று இரண்டு முறை உண்டு. பட்டறைக்கு வந்த ஸ்டேட்டரைப் பிரித்ததும் அப்பா சொல்லிவிடுவார்: ஸ்டார் இணைப்பு என்றால் இரண்டு ஃபேஸ் காயில் கரியாகி ஒன்று புதுசு மாதிரி இருக்கும், டெல்டா என்றால் ஒன்று மட்டும் கரியாகி இரண்டு தப்பித்திருக்கும். கூட்டுத்தொகை பூஜ்யம் என்ற சமன்பாட்டை நான் தாளில் கற்றேன். அவர் கருகிய கம்பியில் கற்றிருக்கிறார்.

ஆகஸ்ட் 17, சனி

ஃபிராங்க்ஃபர்ட். பிரதான ரயில் நிலையத்தின் முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன். 1891 மே முதல் அக்டோபர் வரை சர்வதேச மின்தொழில்நுட்பக் கண்காட்சி நடந்தது இந்தப் பகுதியில்தான். நிலையமே அப்போது மூன்று வயதுக் கட்டடம். இப்போது டிராமும் கூட்டமும்தான், கண்காட்சியின் சுவடு ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

நகரத்துக்கு எந்த மின்சாரம் வேண்டும், நேர்மின்னோட்டமா (டி.சி.) மாறுமின்னோட்டமா என்று அப்போது இங்கே பெரிய சண்டை. கண்காட்சியின் தொழில்நுட்பப் பொறுப்பாளர் ஆஸ்கர் ஃபான் மில்லர். அவர் 1882இல் மீஸ்பாக்கிலிருந்து மியூனிக்குக்கு 57 கி.மீ. தூரம் நேர்மின்னோட்டம் அனுப்பிப் பார்த்தவர். பெரும்பங்கு வழியிலேயே போயிற்று. ஆனாலும் அந்த ஆசை அவரை விடவில்லை. இந்த முறை நெக்கர் ஆற்றங்கரையில் லாஃபன் ஊரின் சிமென்ட் ஆலை நீர்மின் நிலையத்திலிருந்து 175 கி.மீ. கொண்டுவரத் தீர்மானித்தார். ஜெனரேட்டர் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் ஆலையில் சார்லஸ் பிரவுன் வடிவமைத்தது. மோட்டார் டோப்ரவோல்ஸ்கியுடையது.

அந்த ஜெனரேட்டருக்கு 32 போல், நிமிடத்துக்கு 150 சுற்று. பெருக்கிப் பார்த்தால் 40 ஹெர்ட்ஸ் வருகிறது. ஒவ்வொரு ஃபேஸிலும் 55 வோல்ட், 1400 ஆம்பியர். 1400 ஆம்பியரை 175 கி.மீ. அனுப்ப எவ்வளவு செம்பு போட்டாலும் கட்டுப்படியாகாது. எண்ணெய்க்குள் அமிழ்த்திய டிரான்ஸ்ஃபார்மரில் 15,000 வோல்ட்டுக்கு ஏற்றினார்கள். ஓட்டம் சுமார் 9 ஆம்பியருக்கு இறங்கியது. அதற்கு 4 மி.மீ. கம்பி போதும்! மூன்று கம்பிகளுக்குமாக 60 டன் செம்பு. சுமார் 3,000 கம்பங்கள், அவற்றில் மண்டையோட்டுப் படம். எங்கள் ஊர் டிரான்ஸ்ஃபார்மர் வேலியில் தொங்கும் அபாயப் பலகையை நினைத்துக்கொண்டேன்.

பாதிகூட வந்து சேராது என்று சொன்ன வல்லுநர்கள் உண்டு. ஆகஸ்ட் 25 அன்று வந்து சேர்ந்தது. பிறகு ஒரு குழு முறையாக அளந்தபோது 75 சதவீதம். கண்காட்சியில் 1,000 விளக்குகள் எரிந்தன. டோப்ரவோல்ஸ்கியின் 100 குதிரைத்திறன் மோட்டார் ஒரு பம்பை ஓட்ட, 10 மீட்டர் உயரத்திலிருந்து செயற்கை அருவி கொட்டியது. லாஃபனில் விழுந்த தண்ணீரின் பலம் 175 கி.மீ. தள்ளி வேறு தண்ணீரை மேலே ஏற்றியது.

எந்தத் தோட்டத்திலும் நடக்கிற காரியம்தான் அது. மேட்டூரில் விழும் தண்ணீர் எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஏற்றுகிறது. ஆனால் முதல் தடவை பார்த்தவர்கள் அந்த அருவிக்கு முன்னால் எப்படி நின்றிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே ரயில் ஏறினேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இன்றோடு 133 வருடம். லாஃபனுக்கே போய்வந்தேன்.

வேண்டுமென்றே ஓடன்வால்டு பாதையில் போனேன். ஏர்பாக், ஏபர்பாக், பிறகு ஹைல்ப்ரோன். 1891இன் கம்பங்கள் பெரும்பாலும் ரயில் பாதையை ஒட்டியே நின்றன, அதில் இந்த வழியும் உண்டு. ஜன்னலோரம் காடும் மேடும் பாலங்களும். ஏபர்பாக் வரை இந்தப் பாதையில் இன்றும் ஓடுவது டீசல் ரயில்தான். தண்டவாளத்தின் மேலே கம்பியே இல்லாத வெறும் வானம். வழிநெடுக அந்த மூன்று 4 மி.மீ. கம்பிகளை நானே மனசுக்குள் இழுத்துக் கட்டிக்கொண்டு போனேன்.

லாஃபன் சின்ன ஊர். ஆற்றின் நடுவே தீவுபோல் ஒரு பாறை, அதன்மேல் பழைய கோட்டை, அதற்குள் நகராட்சி அலுவலகம். கவிஞர் ஹோல்டர்லின் பிறந்த ஊர் என்பதால் அவர் பெயர்தான் முதலில் கண்ணில் படுகிறது. நான் ஆற்றைப் பார்க்க வந்தவள். பாலத்தில் நின்று ரொம்ப நேரம் பார்த்தேன். நெக்கர் இங்கே அப்படியொன்றும் ஆர்ப்பாட்டமான ஆறு இல்லை. கலங்கலாக, நிதானமாகப் போகிறது. 300 குதிரைத்திறன் டர்பைன் ஒன்றைச் சுற்றுவதற்கு அது போதுமாக இருந்தது.

கண்காட்சி முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி வீசிவிடவில்லை. 1892 தொடக்கத்தில் இதே நிலையத்திலிருந்து ஹைல்ப்ரோன் நகரத்துக்கு த்ரீ ஃபேஸ் போகத் தொடங்கியது. அதோடு உலகம் பக்கம் மாறியது. அமெரிக்காவில் நயாகரா அருவியில் 1895இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் வைத்த ஜெனரேட்டர்கள் டெஸ்லா வழியில் இரண்டு ஃபேஸ்தான். ஆனால் அடுத்த வருடம் பஃபலோ நகரத்துக்கு அனுப்பும்போது அதை மூன்றாக மாற்றித்தான் கம்பியில் ஏற்றினார்கள்.

ஆகஸ்ட் 28, புதன்

ராத்திரி ஒரு மணி. தூக்கம் வரவில்லை, இதை எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

அவர் கடைசியாக எழுதியவற்றில் ஒரு கட்டுரை 1919இல் வெளிவந்தது. தலைப்பு, மாறுமின்னோட்டத்தால் சக்தி அனுப்புவதன் எல்லைகள் பற்றி. த்ரீ ஃபேஸைக் கொண்டுவந்தவரே சொல்கிறார்: தூரம் கூடக் கூட மாறுமின்னோட்டம் தடுமாறும், கேபிளில் இன்னும் சீக்கிரம் தடுமாறும், மிக நீண்ட தூரத்துக்கு ஒருநாள் உயர் அழுத்த நேர்மின்னோட்டத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். முப்பது வருடம் எதற்காக வாதாடினாரோ, அதன் எல்லை எங்கே என்று அவரே கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார். 100 ஹெச்.பி. மோட்டாரைவிட இதுதான் எனக்கு அவர்மேல் மரியாதையைக் கூட்டியது. தன் பிள்ளையின் குறையை வாய்விட்டுச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

அவர் சொன்னபடியே நடக்கிறது. ஜெர்மனியின் வடக்கிலிருந்து காற்றாலை மின்சாரத்தைத் தெற்கே கொண்டுவர சூட்லிங்க் என்று மண்ணுக்கடியில் நேர்மின்னோட்டக் கேபிள் பதிக்கிறார்கள். அதன் ஒரு முனை ஹைல்ப்ரோனை ஒட்டிய லைங்கார்ட்டன், லாஃபனிலிருந்து கூப்பிடு தூரம் மாதிரிதான். இன்னொன்றை எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. சத்தீஸ்கரின் ராய்கரில் கிளம்பி 1,700 கி.மீ.க்கு மேல் வரும் 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டத் தடம், 6,000 மெகாவாட், வந்து முடிவது நம் புகளூரில். அந்தக் கோபுரங்கள் தோட்டங்களுக்குள் வந்தபோது எங்கள் பக்கத்து விவசாயிகள் வீதியில் உட்கார்ந்ததைப் பள்ளிப் பருவத்தில் பார்த்தேன். கேபிளாக மண்ணுக்குள் கொண்டுபோங்கள் என்று கேட்டார்கள். 1919இன் கட்டுரையிலும் கேபிள் என்ற சொல் வருகிறது. அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

அவர் 1919 நவம்பர் 15 அன்று ஹைடல்பெர்கில் இறந்தார். அடக்கம் செய்தது இங்கே டார்ம்ஸ்டாட்டில், வால்ட்ஃபிரீட்ஹோஃப் என்ற வனக் கல்லறையில். படிக்க வந்த ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். காலையில் ஒரு கொத்துச் சாமந்தி வாங்கிக்கொண்டு போனேன். கல்லறைக் காவலரிடம் வழி கேட்டுக் கண்டுபிடித்து, பூவை வைத்துவிட்டு அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். தோட்டத்தில் இருந்தார். பின்னால் தென்னை.

"இவருங்களா?"

"இவர்தானுங்கப்பா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கைத்துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கோயிலுக்குள் நுழையும்போது செய்வது அது.

"பேரு இன்னொருக்கா சொல்லு கண்ணு."

சொன்னேன். மெதுவாகத் திருப்பிச் சொன்னார். டோப்ரவோல்ஸ்கியில் நாக்கு இடறியது, மறுபடி சொன்னார். பட்டறைச் சுவரில் எழுதி வைக்க வேண்டுமாம், தமிழில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். பூ வைத்தாயா, தண்ணீர் தெளித்தாயா என்று கேட்டார். தெளிக்கவில்லை. பையில் இருந்த பாட்டிலைத் திறந்து கல்லின்மேல் தெளித்தேன்.

அப்போது அங்கே ஸ்டார்ட்டர் பெட்டியின் மூன்று விளக்கும் எரிந்திருக்க வேண்டும். அப்பா திரும்பிப் பார்த்தார்.

"த்ரீ ஃபேஸ் வந்துருச்சு அம்மிணி. மோட்டாரப் போட்டுட்டு வந்தர்றேன், கட் பண்ணீராத."

போனைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். தென்னை ஓலையும் வானமும் மட்டும் தெரிந்தன. பிறகு மோட்டார் ஓடும் சத்தமும், தொட்டியில் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டன. போனை அந்தக் கல்லின் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.