நடப்பதற்கு மட்டும் ஆக்சிஜன்

உட்கார்ந்திருக்கும்போது, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் பார்க்கும் ஆக்சிமீட்டர் எனக்கு 95 காட்டும். "அப்புறம் எதுக்குப்பா ஆக்சிஜன்?" என்று மகளுக்குச் சந்தேகம். நுரையீரல் தழும்பேறிப் போகும் ஐ.எல்.டி. என்ற நோய் இப்படித்தான், எழுந்து நடந்தால்தான் சாயம் வெளுக்கும்.

வெளுத்தது ஆறு நிமிட நடைப் பரிசோதனையில். 30 மீட்டர் வராந்தா, இரு முனையிலும் கூம்பு. மூச்சு வாங்கினால் நிற்கலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. பாதியிலேயே 84க்கு இறங்கிவிட்டேன். ஓய்வெடுக்க வைத்து, மூக்கில் குழாய் மாட்டி, நிமிடத்துக்கு 2 லிட்டரில் தொடங்கி, நடையில் 90க்குக் குறையாத அளவு வரை ஏற்றிப் பார்த்தார் பிசியோதெரபிஸ்ட். எனக்கு அது 4 லிட்டர். சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் உள்ளவர்கள் சிலருக்கு அளவு மீறினால் உடம்பில் கரியமில வாயு தேங்கிவிடும். நாமாகத் திருகிக் கூட்டக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார்.

தோளில் மாட்டும் ஆக்சிஜன் மெஷின் வாங்கப் போனால், "4-ல வைங்க சார், 4 லிட்டர் வரும்" என்கிறார் கடைக்காரர். வராது. அந்த ரக மெஷின் மூச்சை இழுக்கும்போது மட்டும் ஒரு வீச்சு விடும். அதிலுள்ள எண் லிட்டர் கணக்கே இல்லை. மாட்டிக்கொண்டு கடை வாசலிலேயே நடந்து பார்த்தேன், 86. லட்ச ரூபாய்ச் சமாச்சாரம், நடந்து பார்க்காமல் யாரும் வாங்காதீர்கள். நான் தள்ளுவண்டி வைத்த சின்ன சிலிண்டரோடு நின்றுகொண்டேன். வீட்டுக்குள், காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் 5 லிட்டர் கான்சென்ட்ரேட்டர், நீளக் குழாய். கரண்ட் போனால் சிலிண்டர்.

இப்போது ஹாலில் நடை, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது. உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விட வேண்டும். ஆக்சிஜன் நுரையீரலைச் சரிசெய்யாது. தொடை வலுவாகும் அளவுக்கு என்னை நடக்க விடுகிறது, அவ்வளவுதான். முன்பு சமையலறை வரை போனாலே சுவரைப் பிடிப்பேன்.

விரலில் தெரியும் எண் கொஞ்சம் தாமதித்தே வரும். நின்ற பிறகுதான் அடிமட்டத்தைக் காட்டும். அதனால் உட்கார்ந்ததும் குழாயைக் கழற்றுவதில்லை. விரல் சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பார்ப்பேன்.

சாமி விளக்கு ஏற்றுவது மனைவியின் பொறுப்பாகிவிட்டது. குழாயோடு நான் நெருப்புப் பக்கம் போவதில்லை. மூக்கு வறண்டால் வாசலினும் கூடாது, தேங்காய் எண்ணெயும் கூடாது. எண்ணெய்க்குப் பதில் தண்ணீரில் செய்த ஜெல்தான்.

சிலிண்டரோடு தெருவில் நடந்தால், "சீரியஸா?" என்று கேட்கிறார்கள். "வாக்கிங்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறேன்.