'தம்பி'யில் இருக்கும் 'பி'

நான் பாரிசுக்கு வந்தது 2014இல். இங்கே தங்கி வேலை செய்ய விசா கிடைத்த பிறகு, தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் சந்தித்த ஊர் அண்ணை ஒருவர் தான் வேலை செய்த உணவகத்திலேயே பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்த்துவிட்டார். நகரத்தின் நடுவில் லே ஆல் பக்கம், நிலத்துக்குக் கீழே சமையலறை. வேலை இரண்டு கிழமையில் கைக்கு வந்துவிட்டது. மொழிதான் வாய்க்கு வரவில்லை.

ஒரு நாள் பின்கதவில் சோடாப் பெட்டிகள் வந்து இறங்கின. பானத்துக்குப் பிரெஞ்சில் ஒரு சொல், மீனுக்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டுமே 'புவாசோன்'தான். பானம் வந்திருக்கிறது என்று நான் பதற்றத்தில் கத்த, மீன் வந்துவிட்டதென்று செஃப் கையைத் துடைத்தபடி ஓடிவந்தார். பரிமாறும் பெடியன்கள் அன்று முழுக்க என்னைப் போலவே சொல்லிக் காட்டிச் சிரித்தார்கள். அதன் பிறகு தலையாட்டுவதோடு நிறுத்திக்கொண்டேன்.

அண்ணைதான் வழி சொன்னார். "'தம்பி' எண்டு சொல்லிப் பார். அதில வாற 'பி' இருக்கே, அந்தச் சத்தம்தான் பானத்துக்கு. 'பிள்ளை'யில வாற 'பி'யை மீனுக்கு வை." பாத்திரம் கழுவிக்கொண்டே தம்பி, பிள்ளை, தம்பி, பிள்ளை என்று மாறி மாறிச் சொல்லிப் பழகினேன்.

எங்கள் செஃப் பிரான்சின் மேற்கே இருக்கும் பிரித்தானி மாகாணத்துக்காரர். நான் பேசாமல் இருப்பதைக் கவனித்திருக்கிறார். ஒரு மத்தியானம் வெளியே கூட்டிப்போய், தெரு முனையில் சாரம் கட்டி மறைத்திருந்த வட்டக் கட்டடத்தைக் காட்டினார். பழைய தானியச் சந்தை. அதை ஓவியக் கூடமாக்கிக்கொண்டிருப்பவர் தங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர், பெயர் பிரான்சுவா பினோ என்றார். பிரான்சின் பெரும் பணக்காரர்களில் ஒருவர்.

பினோ பிறந்தது 1936இல், பிரித்தானியின் ஒரு சின்னக் கிராமத்தில். வீட்டில் பேசியது 'கலோ' என்ற கிராமத்து மொழி. ரென் நகரத்துப் பள்ளிக்குப் போனபோது, பட்டிக்காட்டுப் பேச்சு என்று கூடப் படித்தவர்கள் கேலி செய்தார்கள். 16 வயதில் படிப்பை விட்டுவிட்டார். சொந்த நாட்டுக்காரனையே பேச்சுக்காகச் சிரிப்பார்களா என்று நான் கேட்டேன். செஃபின் அம்மம்மாவும் கலோதான் பேசுவாராம், கடைக்குப் போனால் குரலைத் தாழ்த்திக்கொள்வாராம். செஃப் அதைச் சொன்ன விதம் எனக்கு மறக்கவில்லை.

அப்புறம் நானே தேடிப் படித்தேன். தகப்பனைப் போல பினோவும் மர வியாபாரத்தில்தான் தொடங்கியிருக்கிறார். 1960களின் தொடக்கத்தில் குடும்பத்திடமும் வங்கியிலும் கடன் வாங்கிச் சொந்தக் கம்பனி. நொடித்த கம்பனிகளை வாங்கி நிமிர்த்துவது அவர் கைப்பழக்கம். 1988இல் கம்பனி பங்குச் சந்தைக்கு வந்தது. பிறகு வாங்கியவை: 1992இல் பிரின்தாம் கடைகள், 1994இல் புத்தகமும் இசைத்தட்டும் விற்கும் ஃபினாக் கடைகள், 1998இல் கிறிஸ்டிஸ் ஏல நிறுவனம், 1999இல் 'குச்சி' என்ற இத்தாலிய ஆடம்பரப் பொருள் கம்பனியில் பெரியதொரு பங்கு. குச்சிக்காக இன்னொரு பிரெஞ்சுப் பெரும் பணக்காரரான பெர்னார் ஆர்னோவோடு நடந்த இழுபறி உலகச் செய்தியானது. 2003இல் பொறுப்பை மகனிடம் கொடுத்தார். 2013இல் குழுமத்துக்குக் 'கேரிங்' என்று பெயர் மாற்றினார்கள். அதில் வரும் 'கேர்' என்றால் பிரித்தானியின் இன்னொரு மொழியான பிரெத்தோனில் வீடு. ஊர் மொழியின் சொல் ஒன்று அந்தப் பெயருக்குள் போய் உட்கார்ந்ததில் எனக்கு இன்னும் சந்தோஷம்.

அவருக்கும் எனக்கும் பொருத்தம் பார்க்க வரவில்லை. அவர் பிறந்த மண்ணில் நின்றவர், கடன் கொடுக்க வங்கி இருந்தது. எனக்கு வாடகை வீடு எடுக்கவே ஒருவர் பிணை நிற்க வேண்டியிருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு எப்படியிருக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

2021 மே மாதம் கட்டடம் திறந்தது. அப்போது பினோவுக்கு 84 வயது. மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை இலவசம் என்பதால், லீவு கிடைத்த ஒரு சனிக்கிழமை மனைவியோடு போனேன். தடாவோ ஆண்டோ என்ற ஜப்பானியக் கட்டடக் கலைஞர் பழைய வட்டத்துக்குள் 9 மீட்டர் உயரச் சீமெந்து வளையம் ஒன்றை நிறுத்தியிருக்கிறார். அப்போது அதன் நடுவே ஆளை விடப் பெரிய மெழுகுச் சிலைகள் நின்றன. பார்த்தால் சலவைக்கல், ஆனால் உள்ளே திரி எரிந்துகொண்டிருந்தது. திறந்த நாளிலிருந்து எரிந்து உருகி, நாங்கள் போனபோது பாதிக்கு மேல் தரையில் வழிந்து கிடந்தது. மேலே கண்ணாடிக் கூரையின் கீழ் 19ஆம் நூற்றாண்டு ஓவியம் சுற்றிவர ஓடுகிறது: கப்பல்கள், மூட்டைகள், தூரத்து நாடுகளின் மனிதர்கள். மூட்டை தூக்கும் ஆட்களின் முகங்களை மனைவி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தன்னிடம் இருக்கும் ஒரே பட்டம் சாரதிப் பத்திரம்தான் என்று பினோ சொல்வாராம். நான் அதற்கு மூன்று தடவை எழுதினேன். 40 கேள்விகளில் 35 சரியாக வேண்டும். கேள்வி விளங்கினால்தானே பதில்! மூன்றாம் தடவை 37. பிறகு ஓட்டிக் காட்டியும் பாஸ் பண்ணினேன். செஃப் அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, வான் சாவியைக் கையில் வைத்தார்.

இப்போது கிழமைக்கு இரண்டு நாள், விடிய முன்னமே பாரிசுக்கு வெளியே இருக்கும் ரஞ்சிஸ் மொத்தச் சந்தைக்குப் போகிறேன். திரும்பி வந்து பின்கதவைத் திறந்து, மீன் வந்திருக்கிறது என்று உள்ளே குரல் கொடுப்பது நான்தான்.